யுஎக்ஸ் அடிப்படை படிக்க நீல்சன் நார்மன் தளம் எப்படி?

நான் டிடிபி ஆள். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு என்று ஓடிக்கொண்டிருந்த கடையில் இப்போது மொபைல் திரை வடிவமைப்பும் கேட்கிறார்கள். யுஎக்ஸ், அதாவது பயனர் தடுமாறாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பதைக் கற்றுக்கொள்ள நீல்சன் நார்மன் குழுமத்தின் இணையதளத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். யாகோப் நீல்சனும் டான் நார்மனும் 1998-இல் தொடங்கிய நிறுவனம். பயிற்சி வகுப்புக்கு டாலரில் கட்டணம். அந்தப் பக்கம் நான் போகவில்லை. கட்டுரைகளும் காணொளிகளும் இலவசம்.

முதலில் திரை வடிவமைப்புக்கு நீல்சன் சொன்ன பத்து விதிகளைப் படியுங்கள். 1994-இல் வந்தவை, இன்றைக்கும் பொருந்துகின்றன. வெறுமனே வாசித்தால் மண்டையில் ஏறாது. கையில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாகப் பொருத்திப் பாருங்கள். 'என்ன நடக்கிறது என்று பயனருக்குத் தெரியவேண்டும்' என்பது முதல் விதி. பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே நின்றால், யாராக இருந்தாலும் இன்னொரு தடவை அழுத்தத்தானே செய்வார்கள்?

அடுத்து, வடிவமைப்பை ஐந்து பயனர்களை வைத்துச் சோதித்தால் போதும் என்ற 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை. ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்பது அதன் கணக்கு. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரிடம் காட்டச் சொல்வதுதான் கட்டுரையின் உயிர்.

கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க ஒரு திரையை வரைந்து, கடைக்கு வந்தவர்களிடம் போனைக் கொடுத்தேன். எதையும் சொல்லிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்! வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தாய்மாமன் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான் தேடினார்கள். கீழே இருந்த 'சரி' பொத்தான் யார் கண்ணிலும் படவில்லை. அதை மேலே ஏற்றிவிட்டு, அப்புறம் வேறு ஆட்களிடம் கொடுத்தேன்.

குறை என்றால், உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் தளங்கள். தமிழில் எழுதினால் பொத்தானுக்குள் வார்த்தை அடங்காமல் இரண்டு வரியாவது, வரி இடைவெளி குறைந்தால் கொம்பும் சுழியும் வெட்டுப்படுவது போன்ற நம் தலைவலிகளுக்கு அங்கே மருந்து கிடைக்காது. திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைப் பழக வேறு இடம் பார்க்க வேண்டும். அதற்கு யூடியூபே போதும்.