தேன்மெழுகில் குறையில்லை, திரியில்தான்

மதுரையில் இருக்கும் மயினி நேற்று போனில் கேட்டார்: "அந்தத் தேன்மெழுகுவர்த்திக்கு விலை குறைச்சிருக்காங்களாமே, கிறிஸ்துமஸுக்கு நாலஞ்சு வாங்கிப் போடட்டா?" சில வருஷமாக எங்கள் வீட்டில் எரிவது அதுதான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதிவிடுகிறேன்.

குமரி மாவட்டத்தில் மெழுகுவர்த்தி இல்லாத வீடு இருக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. அப்போது எரித்ததெல்லாம் கடை மெழுகுவர்த்தி, அதாவது பாரஃபின். கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதை விட்டுவிடலாம் என்றுதான் மார்த்தாண்டம் பக்கத்தில் கையால் செய்து விற்பவர்களிடம் தேன்மெழுகுவர்த்தி வாங்க ஆரம்பித்தோம்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். அணைத்த பிறகு கடை மெழுகுவர்த்தியில் வருகிற அந்தத் தலைவலி நாற்றம் இதில் கிடையாது. வாசனைத் தைலம் எதுவும் சேர்க்காமலே லேசான தேன் மணம் வரும். பூசணம் போல மேலே வெள்ளையாகப் படியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நல்ல தேன்மெழுகு நாள்பட்டால் அப்படிப் பூக்கும், பழைய வேட்டித் துணியால் துடைத்தால் பளபளப்பு வந்துவிடும். 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் சித்திரை வெயிலிலும் அலமாரியில் வளையாமல் நிற்கிறது. மீந்த துண்டுகளைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிப் பித்தவெடிப்புக்குப் பூசுகிறோம். இறுகிப்போன மேசை இழுப்பறையின் ஓரத்தில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். மேலட்டையில் 'காற்றைச் சுத்தப்படுத்தும்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எரிகிற எதுவும் காற்றைச் சுத்தப்படுத்தாது. ஃபேன் காற்றில் சுடர் ஆடினால் இதுவும் கரி கக்கும்.

சரி, இனி என் கோபம். மூன்று அங்குலப் பருமனுள்ள உருண்டை மெழுகுவர்த்திக்குள் பிறந்தநாள் கேக்கில் குத்துகிற மெழுகுவர்த்திக்குப் போடும் திரியைப் போட்டிருக்கிறார்கள். ஏற்றினால் திரியைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் உருகும். நேரம் போகப் போக நடுவில் கிணறு மாதிரி இறங்கிவிடும். சுற்றிலும் சுவர் அப்படியே நிற்கும். உருகிய மெழுகு போக வழியில்லாமல் திரியை மூழ்கடிக்க, சுடர் கடுகளவு சுருங்கி அணைந்துபோகும். கரண்டியால் உருகலை மொண்டு வெளியே ஊற்றி, மறுபடி ஏற்றி, மறுபடி மொண்டு... கரண்ட் போன இருட்டில் இதுதான் வேலை. முதல் தடவை ஓரம் வரை உருகும்படி மூன்று மணி நேரம் விடாமல் எரிக்க வேண்டும் என்பார்கள். அப்படியும் எரித்தாயிற்று, இந்தத் திரிக்கு அது எடுபடவில்லை.

எனக்கு ஆறாதது வீணாகிற மெழுகுதான். ரப்பர் மரம் தளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேடித் தேனீ அலைகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க 6 முதல் 8 கிலோ தேனைத் தின்ன வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். தேன் எடுக்கும்போது அடையின் மேல்மூடியைச் சீவி, அதை உருக்கி வடிகட்டித்தான் மெழுகு எடுக்கிறார்கள். அடை திரும்பவும் பெட்டிக்கே போய்விடும், அதனால் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பாதியை எரியாத சுவராக நிறுத்திவிட்டு 'இயற்கைக்கு உகந்தது' என்று அச்சடித்தால் எப்படி?

போன மாதம் ஒன்றை நானே சரிசெய்து பார்த்தேன். சைக்கிள் ஸ்போக் கம்பியைக் காய்ச்சிப் பழைய திரியை உருவி எடுத்தேன். பருத்தி நூலை மூன்று புரியாகப் பின்னி, உருகிய மெழுகில் நனைத்து, அந்தத் துளையிலேயே விட்டேன். ஏற்றிய ஒரு மணி நேரத்தில் உருகல் சுவரைத் தொட ஆரம்பித்தது. அடி வரைக்கும் ஒழுங்காக எரிந்து தீர்ந்தது. அதே மெழுகுதான், மாற்றியது திரி மட்டும். நூல் செலவு ஐந்து ரூபாய்கூட இருக்காது. விற்பவர்களிடம் இதைக் காட்டியும் சொன்னேன். "திரி ரெடிமேடா வருது, எல்லா சைஸுக்கும் அதுதான்" என்றார்கள். இப்போது திரியை மாற்றாமல் விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

ஒல்லியாக நீளமாக ஒன்று செய்கிறார்கள், அதற்கு இந்தத் திரி பொருந்துகிறது. ஆனால் இந்த வருஷம் அதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பருத்தது பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், மயினி. அதே இடத்தில் தேன்மெழுகைக் கட்டியாகவும் விற்கிறார்கள். அரைக் கிலோ வாங்கி வைக்கிறேன், நீங்கள் பண்டிகைக்கு வரும்போது நாமே நல்ல திரியாகப் போட்டு ஊற்றிக்கொள்ளலாம். வரும்போது காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.