ஹாஸ்கெல்லில் தமிழ்ச் சொல் ஏணி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வருவதெல்லாம் பொருளுள்ள சொல்லாகவே இருக்க, ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். லூயிஸ் கரோல் 1877இல் உருவாக்கிய புதிர் இது. தமிழில் கடலிலிருந்து பணத்துக்கு வழி: கடல், கடம், படம், பணம். மூன்று எழுத்துமே மாறியாக வேண்டும் என்பதால் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் தேடல் பகுதி எளிது. தமிழுக்குக் கவனம் வேண்டியது ‘எழுத்து’ எது என்று நிரலுக்குச் சொல்லும் இடத்தில்தான். அங்கே ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) என்பது யூனிகோட் குறியீடுகளின் பட்டியல். ‘கடல்’ நீளம் எவ்வளவு என்று கேட்டால் 4 என்று வரும்; புள்ளிக்குத் தனிக் குறியீடு. படம், பாடம் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் குறியீட்டுக் கணக்கில் 4, 5 என்று நீளம் ஒத்துவராததால் அந்தப் படி விடுபட்டுப் போகும். பால், பகல் விஷயத்தில் நேர்மாறு: இரண்டுக்கும் 4 குறியீடுகள், ஒன்றுதான் வேறு. ஈரெழுத்துச் சொல்லிலிருந்து மூவெழுத்துச் சொல்லுக்கு நிரல் தயங்காமல் தாவிவிடும். பிழைச் செய்தியும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

இதற்கு ஒரு வரி போதும். பட்டியலைக் குழுக்களாகப் பிரிக்கும் குரூப்பை ஃபங்ஷனிடம், வரும் குறியீடு இஸ்மார்க் (சார்ந்து வரும் குறியா என்று பார்க்கும்) சோதனையில் தேறினால் முந்தையதோடு சேர்க்கச் சொல்லுங்கள். உயிர்க்குறிகள், புள்ளி எல்லாமே தேறும். அதற்கு முன்பே, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறியீடுகளால் எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவது அவசியம். ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. பிரித்த எழுத்துக்கு ஒரு நியூடைப் (தனித் தரவு வகை) கொடுத்துவிட்டால், வெறும் குறியீட்டை அதன் இடத்தில் போட்டதுமே கம்பைலர் தடுத்துவிடும். இந்தப் புதிருக்கு ஹாஸ்கெல்லைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அண்டைச் சொற்களைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். 10,000 சொற்களுக்கு ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடு ஆகும். ஒவ்வோர் இடத்தையும் காலியாக விட்ட வடிவத்தை (‘கடல்’ என்றால் ‘_டல்’, ‘க_ல்’, ‘கட_’) சாவியாக வைத்து, சாவிக்கு மதிப்பைத் தரும் அட்டவணையான மேப்பில் போடுங்கள்; மூவெழுத்துச் சொற்கள் என்றால் 30,000 பதிவுகளோடு முடிந்தது. ஒரே சாவிக்கு வரும் மதிப்புகளைச் சேர்த்து மேப்பை உருவாக்கும் ஃப்ரம்லிஸ்ட்வித்துக்கு, பட்டியல்களை ஒட்டும் ‘++’ஐ அப்படியே கொடுங்கள். புதிய மதிப்பு இடப்பக்கம் வருவதால் செலவு குறைவு. ஃப்ளிப் போட்டுத் திருப்பினால் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் முழுவதையும் நடந்து முடிக்கும். பெரிய தொகுதிகளில் மந்தம் கண்கூடாகத் தெரியும்.

தேடலை, ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தும் இட்டரேட் வைத்து அடுக்கடுக்காக எழுதலாம். சோம்பல் மதிப்பீடு (தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுவது) என்பதால் இலக்கு அகப்பட்ட அடுக்குக்கு மேல் எதுவும் கணக்கிடப்படாது. ஒரு சொல்லை வரிசையில் சேர்க்கும்போதே ‘பார்த்தது’ என்று குறிக்க வேண்டும். எடுக்கும்போது குறித்தால் ஒரே சொல் பல தடவை வரிசையில் ஏறும்.

கோப்பைப் படிக்கும்போது சிஸ்டத்தின் லொகேல் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) யூடிஎஃப்-8 இல்லையென்றால் நிரல் அங்கேயே நின்றுவிடலாம். நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் டாக்கரில் இது சகஜம். நிரல் தொடங்கும் மெயினின் முதல் வரியிலேயே செட்லொகேல்என்கோடிங் போட்டு யூடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள். விடையை பிரிண்ட் கொண்டு அச்சிட்டால் ‘கடல்’ 2965, 2975, 2994, 3021 என்று எண்களாக வரும். அது பிழையல்ல, மதிப்பை எழுத்தாக மாற்ற பிரிண்ட் பயன்படுத்தும் ஷோவின் இயல்பு. புட்ஸ்ட்ரிங்லைன் பயன்படுத்தினால் தமிழாகவே வரும்.