ஓசூர் சிப்காட்டா, எலக்ட்ரானிக் சிட்டியா, வீட்டிலிருந்தே வேலையா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் படித்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு முப்பது வயதை ஒட்டி இந்தக் கேள்வி வந்துவிடும். மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பதால் மூன்று வழியில் போனவர்களையும் கிட்டத்தில் பார்க்கிறேன்.

சம்பளம், பதவி இரண்டுக்கும் பெங்களூரின் ஐடி பகுதியான எலக்ட்ரானிக் சிட்டிதான். ஓசூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். காலையில் சிரமமில்லை. சாயங்காலம்தான் பிரச்சினை. ஆறு மணிக்கு கேப் என்றால் ஆறரைக்கு கிளையன்ட் கால் வைப்பார்கள். அதை முடித்துக் கிளம்பினால் அத்திப்பள்ளியில் வண்டி நகராது. வீட்டுக்குள் நுழையும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

சிப்காட்டில் இந்தத் தொல்லை கிடையாது. கம்பெனி பஸ், சொன்ன நேரத்துக்கு வீடு. ஆனால் இங்கே ஏணி குட்டை. தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு துறைக்கு ஒரு மேனேஜர் நாற்காலிதான். அதில் இருப்பவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்கு மாறு என்பார்கள்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இன்டர்வியூவில் 'கிரெச் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'பார்க்கலாமா' என்று கேளுங்கள். ஓரிடத்தில் சாவி தேடவே நேரம் ஆனது. உள்ளே தொட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

பாலக்கோட்டில் அம்மா வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பது கேட்க நன்றாக இருக்கும். வாடகை மிச்சம், குழந்தைக்குப் பாட்டி. ஆனால் 'வீட்டில்தானே இருக்கே' என்று கேஸ் சிலிண்டர் வாங்குவதிலிருந்து விருந்தாளிக்குக் காபி வரை எல்லாம் உங்கள் தலையில் விழும். அப்ரைசல் நேரத்தில் மேனேஜருக்கு உங்கள் முகம் ஞாபகத்துக்கு வராது. பிரசவ விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டுதான். வேலையின் தன்மை இடம் கொடுத்து, நிர்வாகமும் ஒத்துக்கொண்டால் மட்டுமே. வாய்வார்த்தையை நம்பாமல் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள கணவரோ அம்மாவோ நிச்சயம் உண்டென்றால், யோசிக்காமல் எலக்ட்ரானிக் சிட்டி. இல்லையென்றால் குழந்தை பள்ளிக்குப் போகும்வரை சிப்காட். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஆறு மாதத்துக்குச் சரி, அதற்கு மேல் இழுக்க வேண்டாம். மாமியார் என்ன நினைப்பார் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, அது தனிக் கதை.

கர்ப்பமாக இருக்கும்போது கம்பெனி மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதற்கு, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அதே நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

அந்த விடுப்பும் போதாமல் ராஜினாமா எழுதத் தோன்றினால், முதலில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளின் விதிமுறைப் புத்தகத்தில் அது இருக்கும். நாங்களாக எடுத்துச் சொல்ல மாட்டோம்.