ஏற்காட்டில் பழைய ஓட்டு வீடு வைத்திருக்கிறீர்களா? படித்துவிட்டு ஆள் பிடியுங்கள்

நாகலூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு. தாத்தா காபித் தோட்டத்தோடு சேர்த்து வாங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது ‘மணி வீடு’. தோட்ட ஆட்களைக் கூப்பிடும் மணி அங்கேதான் தொங்குமாம். அதைப் பாட்டி பேரில் தாத்தா ‘கமலா இல்லம்’ ஆக்கினார். வாசல் நிலைக்கு மேலே ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் அவரே எழுதியது. இடம் போதாமல் கடைசி ‘ம்’ மட்டும் கீழே இறங்கியிருக்கும்.

அப்பா ஒரு வருஷம் வராண்டா தரை, அடுத்த வருஷம் குளியலறை என்று மெல்லத்தான் செய்துவந்தார். அவசரப்பட்டது நான். சேலத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் ஒரு ஓட்டைப் புரட்டி, அடியில் இருந்த 1865-ஐக் காட்டி, “160 வருஷ ஓடு சார், தாங்காது” என்றார். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது, ஓடு சுட்ட வருஷம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு லோடு ஓடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயாச்சு. “உடைசல்தான், நானே தூக்கிப் போட்டுடுறேன்” என்று அதற்கு 18,000 ரூபாய் கூலியும் என்னிடமே வாங்கினார். பின்னால் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் பழைய சாமான் கடையொன்றில் அதே மாதிரி ஓடு அடுக்கியிருந்தது. எங்களுடையதுதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒன்றில் அப்பா தூணுக்கு அடித்த பச்சை பெயிண்ட் சிந்தியிருந்தது.

சுவர் கதை இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவர், வாங்கிய ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிவிட்டார். ஐப்பசி மழையில் ஏறிய ஈரத்துக்குப் போக வழியில்லை. மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, கை வைத்தால் பெயிண்ட் அப்பளமாக உதிர்ந்தது. போன் போட்டால், “மலைன்னா அப்படித்தான் சார் இருக்கும்.” தாத்தா காலத்தில் இதே மலைதானே?

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு, சிமெண்ட் மூட்டையை உள்ளே விடாதீர்கள். ஓடு, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் எண்ணி, போட்டோ எடுத்து, கழற்றியது யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். பேச்சோடு விட்டவன் நான்.

நிலைக்கு மேலே இருந்த எழுத்தையும் கொத்தி எடுத்துவிட்டு, “நம்ம அன்பளிப்பு” என்று கிரானைட் பலகை பதித்திருந்தார். ‘கமலா இள்ளம்’. கேட்டதற்கு, “யார் சார் உத்துப் பாக்கப் போறாங்க?”

இப்போது உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் சிமெண்டைக் கொத்தி எடுத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசுகிறார். நிலைக்கு மேலே இரண்டடி விட்டுவைத்து, பழைய எழுத்து எப்படி இருந்தது என்று கேட்டார். வீடு முழுக்கத் தேடியும் அந்த ‘ம்’ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ இல்லை.