டிங்கிளா, டின்டினா, ஆஸ்ட்ரிக்ஸா: இங்கிலீஷ் வார்த்தை சேர எது தேவலை?

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் சாயங்காலம் ட்யூஷன் எடுப்பவன் நான். பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பையனுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே வரமாட்டேங்குதுங்க சார், என்ன புக்கு வாங்கட்டும்?" டிக்‌ஷனரி வாங்கினால் அது பரண் ஏறிவிடும். காமிக்ஸ் வாங்குங்கள் என்பேன். எந்த காமிக்ஸ் என்பதில்தான் சங்கதி. தெரியாத வார்த்தையைப் படமே காட்டிக்கொடுக்க வேண்டும், என் அளவுகோல் அவ்வளவுதான்.

1980-ல் அனந்த் பை ஆசிரியராக இருந்து தொடங்கிய சிறுவர் காமிக்ஸ் இதழான டிங்கிள், ஆரம்பக்காரர்களுக்கு. ஒவ்வொரு கதையும் சில பக்கங்களில் முடிந்துவிடும். சந்தை, சமையல்கட்டு, முதலாளி, வேலைக்காரன் என்று பழகிய உலகம். அதில் வரும் வேலைக்காரன் சுப்பாண்டியே தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதையிலிருந்து போனவன்தான். சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு வேலையைச் சொதப்புவது அவன் பிழைப்பு. முதலாளி நிஜமாகவே என்ன சொன்னார் என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்பதால், பையன்கள் தாங்களே வந்து அர்த்தம் கேட்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஒன்பதாம் வகுப்பு தாண்டினால் புதுச் சொற்கள் குறைந்துவிடும். பிளஸ் டூ பையன் கையில் கொடுத்தால் பைக்குள் ஒளித்துவைப்பான்.

என் ஓட்டு, ஊர் ஊராகத் துப்பறியும் இளம் நிருபன் டின்டினுக்கு. உதாரணத்துக்கு 1963-ல் ஆல்பமாக வந்த 'தி காஸ்டஃபியோர் எமரால்டு'. ஊர் சுற்றல் எதுவும் கிடையாது, முழுக்கதையும் டின்டினின் நண்பர் கேப்டன் ஹேடக்கின் மாளிகையிலேயே நடக்கிறது. மாடிப்படியில் ஒரு மார்பிள் கல் உடைந்திருக்கிறது. சரிசெய்யவேண்டியவர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார், நம்ம ஊர் கொத்தனாருக்குச் சொந்தக்காரர் மாதிரி. அந்தப் படியில் ஆள் மாற்றி ஆள் வழுக்குகிறார்கள். ஹேடக் விழுந்து கணுக்கால் சுளுக்கி, மாவுக்கட்டோடு வீல்சேரில் உட்கார்கிறார். ஸ்டெப், ஸ்லிப், ஸ்ப்ரெயின், ஆங்க்கிள் (கணுக்கால்), பிளாஸ்டர் எல்லாம் ஒரே விபத்தில் வந்து சேருகின்றன. அதே படி திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. மொழிபெயர்ப்பு பிரிட்டிஷ் இங்கிலீஷ், ஆகவே ஸ்பெல்லிங் நம் பாடநூலோடு ஒத்துப்போகும். ஹேடக்கின் வசவுகளைத்தான் (டிராக்ளோடைட், எக்டோபிளாசம் வகையறா) பையன்கள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். இன்டர்வியூவுக்கு உதவாது, நாக்காவது நன்றாகத் திரும்பும்.

ரோமானியர்களை அடித்துத் துவைக்கும் கால் வீரன் ஆஸ்ட்ரிக்ஸின் கதை பிரமாதமான காமிக்ஸ்தான், ஆனால் வார்த்தை கற்க அல்ல. நாய்க்குட்டியின் பெயர் டாக்மாடிக்ஸ், மூலிகைக் கிழவர் கெட்டாஃபிக்ஸ். பெயரில் தொடங்கி எல்லாமே சிலேடை. இங்கிலீஷ் கைவந்தவர்களுக்குத்தான் அது விருந்து, மற்றவர்கள் அடிதடியை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கம் புரட்டுவார்கள். போதாக்குறைக்கு வசனம் முழுக்க கேபிடல் எழுத்து. ஆர்ச்சியிலும் அப்படித்தான், ஸ்பெல்லிங் வேறு அமெரிக்கன். சூப்பர்ஹீரோ ரகத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கால்வின் அண்ட் ஹாப்ஸ் வேறு சாதி. ஆறு வயசுப் பொடியன் பேராசிரியர் மாதிரி பேசுவான். நாலு கட்டத்தில் முடிந்துவிடும் என்பதால், கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள் பஸ்ஸில் படிக்கலாம். அவன் பேசும் பெரிய சொற்களுக்குப் படம் உதவாது, போனில் தேடித்தான் ஆகவேண்டும்.

இங்கிலீஷ் என்றாலே பயந்து ஓடும் பையனுக்கு இன்னொரு வழி: கௌபாய் லக்கி லூக். சிவகாசி லயன் காமிக்ஸ் அவனைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது, இங்கிலீஷில் சினிபுக் பதிப்பகம் போடுகிறது. ஒரே கதை இரண்டிலும் கிடைத்தால் முதலில் தமிழ், பிறகு இங்கிலீஷ். கதை ஏற்கெனவே தெரிவதால் கண் நேராக வசனத்துக்குப் போகும். வரிக்கு வரி ஒத்துப்பார்க்க மட்டும் விடாதீர்கள். தமிழில் நகைச்சுவையை நம்ம ஊருக்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள். இரண்டு பிரதி வாங்கக் காசு இடிக்கும்தான். நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், தமிழ்ப் பிரதிதான் முதலில் கிழியும்.