தாய்ப்பத்திரம் இல்லாத அரண்மனை நாட்குறிப்பு

முப்பத்தோரு வருடம் பத்திர எழுத்தராக வேலை பார்த்தவன் நான். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் என்று எத்தனை எழுதினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் போலி என்று பின்னால் தெரியவந்து, என் கையிலும் ஒருமுறை வந்துபோன பத்திரங்கள் ஏழெட்டு உண்டு. அவை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. போலித் தாள்களால் பலரை ஏமாற்றிய ஒருவரைப் பற்றி ஹியூ டிரெவர்-ரோப்பர் எழுதிய ‘ஹெர்மிட் ஆஃப் பீக்கிங்’ நூலை நான் எடுத்ததும் அந்தப் பழக்கத்தால்தான். சீன அரச வம்சங்களைப் பற்றி அதற்கு முன் எனக்கு அதிகம் தெரியாது. தெரியாதவர்களும் தயங்காமல் படிக்கலாம், தேவையானதை அவரே சொல்லிக்கொண்டு போகிறார்.

தேடி வாங்குகிறவர்கள் கவனிக்க: 1976இல் இங்கிலாந்தில் இது ‘எ ஹிடன் லைஃப்’ என்ற பெயரில் வெளிவந்தது. ‘ஹெர்மிட் ஆஃப் பீக்கிங்’ பிறகு வந்த பெயர். இரண்டும் ஒரே புத்தகம்.

விஷயம் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியரான டிரெவர்-ரோப்பரிடம் 1973இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் விமான நிலையத்தில் ஒரு கட்டு தரப்படுகிறது. உள்ளே சர் எட்மண்ட் பேக்ஹவுஸ் என்ற ஆங்கிலேயரின் தன்வரலாறு. 1944இல் பீக்கிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், இறந்த மனிதர் அவர். சாவதற்கு முந்தைய வருடங்களில், ஹோப்லி என்ற சுவிஸ் மருத்துவர் தூண்டியதால் எழுதியது. சீனாவை நெடுங்காலம் ஆட்டிவைத்த பேரரசித்தாய் சீஷியின் அந்தப்புரத்துக்குள் தான் போய்வந்ததாகவும் அவளுடைய காதலனாக இருந்ததாகவும் அதில் சொல்கிறார். பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனோடு பழக்கம், இங்கிலாந்தின் பிரதமர் ஒருவரோடு நெருக்கம் என்றும் போகிறது. 1908 நவம்பரில் பேரரசரும் பேரரசித்தாயும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தது இயற்கையான மரணமே இல்லை என்கிறார். பேரரசியை யுவான் ஷிகாய் என்ற பெரிய அதிகாரி சுட்டுக் கொன்றாராம். படித்தவுடன் பேராசிரியருக்கு ஒரே கேள்வி. இந்த ஆள் யார்?

அந்தக் கேள்விக்கு விடையைப் பேராசிரியர் தன்வரலாற்றின் எழுத்துக்குள் தேடவில்லை. இந்தப் புத்தகத்தின் முழு மதிப்பும் எனக்கு அங்கேதான் இருக்கிறது. ஆளின் கடன், கடிதம், ரசீது, தந்தி, ஒப்பந்தம் என்று வெளியே கிடக்கும் தாள்களைப் பொறுக்கிக்கொண்டே போகிறார். ஒரு சொத்துக்கு வில்லங்கம் பார்ப்பது போலத்தான். வீடு எவ்வளவு அழகு என்று யாரும் அப்போது பார்ப்பதில்லை. யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு எந்த வருடம் வந்தது, நடுவில் கண்ணி அறுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

பேக்ஹவுஸ் 1873இல் பிறந்தவர், வங்கிக்காரக் குடும்பம். தம்பிகளில் ஒருவர் பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவிக்கே போனார். இவரோ ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்காமல், 1895இல் பெருங்கடனோடு திவாலாகி, நாட்டைவிட்டே போனார். 1899 வாக்கில் பீக்கிங். சீனமும், அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் மொழியும் உண்மையாகவே நன்றாகத் தெரியும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் மாரிசனுக்குச் சீனம் படிக்க வராது. அவருக்காக மொழிபெயர்த்துக் கொடுத்துத்தான் இவர் காலூன்றினார். இந்த இளமைப் பகுதி புத்தகத்தில் சற்று இழுக்கிறது. குடும்ப மரத்தைத் தாண்டிப் போக விரும்புகிறவர்கள் வேகமாகப் புரட்டலாம்.

நின்று நிதானமாகப் படிக்க வேண்டியது சிங் ஷான் நாட்குறிப்பு பற்றிய பகுதி.

1910இல் பிளாண்ட் என்ற பத்திரிகையாளரும் பேக்ஹவுஸும் சேர்ந்து பேரரசித்தாயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் நடுநாயகம் சிங் ஷான் என்ற மஞ்சு அதிகாரியின் நாட்குறிப்பு. வெளிநாட்டவரை எதிர்த்துப் பாக்ஸர்கள் என்ற கூட்டத்தார் கிளர்ச்சி செய்த 1900ஆம் வருடம், அரண்மனைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதை உள்ளிருந்தே சொல்லும் ஆவணம். வெளிநாட்டுத் தூதரகங்களை முற்றுகையிட்ட நேரத்தில் ஜுங் லு என்ற தளபதி வெளிநாட்டவருக்கு மறைமுகமாக நல்லது செய்தார் என்பது அதன் சாரம். வரலாற்றாசிரியர்கள் பலர் அதைப் பல வருடங்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், நூலே பதில் சொல்கிறது. அந்நியப் படைகள் நகருக்குள் நுழைந்த ஆகஸ்டில் சிங் ஷானை அவருடைய மகனே கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டான். பாக்ஸர்களுக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக அந்த மகனுக்கும் பிரிட்டிஷ்காரர்கள் மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று சிங் ஷானின் படிப்பறைக்குப் போன பேக்ஹவுஸ், சீக்கியச் சிப்பாய்கள் எரிக்கவிருந்த தாள்களுக்கு நடுவிலிருந்து கடைசி நிமிடத்தில் இதைக் காப்பாற்றினாராம்.

அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. எழுதியவர் கிணற்றில். வாரிசுக்கு மரண தண்டனை. பார்த்த சிப்பாய்களுக்குப் பெயரில்லை. மிச்சமிருப்பது ஒரே ஆள், கண்டெடுத்தவர்.

இதே அமைப்பில் ஒரு உயில் என்னிடம் வந்திருக்கிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கொண்டுவந்தவர் மிக மரியாதையானவர், கண்கலங்கப் பேசினார். தாள் பழுப்பேறியிருந்தது. வாசகத்தில் பெரியவரின் பேச்சுவழக்கு அப்படியே இருந்தது, மருமகள் மேல் இருந்த கோபம்கூட. சாட்சி இருவரும் இறந்துவிட்டார்கள், எழுதிக்கொடுத்தவரும் இறந்துவிட்டார். நான் வாசகத்தை நம்பினேன். அதன் அடிப்படையில் அடுத்த பத்திரத்தை எழுதியும் கொடுத்தேன். அது போலி என்று தெரிவதற்குள் இரண்டு பெண்பிள்ளைகளின் பங்கு கைமாறிப் போயிருந்தது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

சிங் ஷான் நாட்குறிப்பிலும் கிழவரின் வீட்டுக் குறைகள் உண்டு. சொல்பேச்சு கேளாத பிள்ளைகள், வீட்டுப் பெண்களின் சச்சரவு. ‘இவ்வளவு சின்ன விஷயங்களை யாரால் இட்டுக்கட்ட முடியும்?’ என்று அறிஞர்களே மயங்கினார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தின் டைவென்டாக் பெரிய சீனவியல் அறிஞர். 1924இல் இதை மீண்டும் மொழிபெயர்த்தார், உண்மையானது என்று வாதாடினார். 1936இல் லூயிசோன் என்பவர், வேறு சீன நூல்களில் அச்சான பகுதிகள் இதற்குள் வார்த்தை மாறாமல் இருப்பதை எடுத்துக்காட்டிய பிறகு, டைவென்டாக் தன் கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. நான் செய்ய முடியாமல் போனதை அவர் செய்தார்.

நமக்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்குகிறது. கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டார்கள், துய்ப்ளே துரை என்ன சொன்னார் என்று நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார். அதிலும் மூலத்தாள்கள் எல்லாம் இன்று நம் கையில் இல்லை. ஆனால் 1846இல் பிள்ளையின் வீட்டிலிருந்தே அது வெளியே வந்ததும், கலுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் படி எடுக்க வைத்ததும் தெரிந்த செய்தி. வழி தெரிகிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசும்போது எழுத்தின் சுவையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

டிரெவர்-ரோப்பர் நாட்குறிப்போடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை, அவ்வளவுதான். அடுத்து அவர் தோண்டி எடுப்பவைதான் என்னை இரவு இரண்டு மணிவரை உட்கார வைத்தன. முதல் உலகப் போர். 1915இல் பிரிட்டிஷ் அரசுக்கு ரகசியமாகத் துப்பாக்கி வேண்டும். சீனாவில் வாங்கித்தருகிறேன் என்று பேக்ஹவுஸ் முன்வருகிறார். பேரம் முடிந்தது, ஏற்றியாயிற்று, கப்பல்கள் புறப்பட்டன, வழியில் தடங்கல் என்று அறிக்கை மேல் அறிக்கை. தூதர் சர் ஜான் ஜோர்டன் லண்டனுக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு துப்பாக்கிகூட வந்து சேரவில்லை, ஏனென்றால் ஒன்றுமே வாங்கப்படவில்லை. அடுத்த வருடம், அமெரிக்கப் பணத்தாள் அச்சு நிறுவனம் ஒன்றுக்குச் சீன அரசின் பெரிய ஒப்பந்தம் வாங்கித்தந்ததாகக் கையெழுத்திட்ட தாளையே நீட்டுகிறார். அப்படி ஓர் ஒப்பந்தம் சீன அரசுக்குத் தெரியாது.

மூன்று விவகாரத்திலும் ஒரே அச்சு. பெரிய இடத்து ரகசியம். அங்கே இவருக்கு மட்டும் போக்குவரத்து. கேட்டால், வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை. ஏமாந்தவர்கள் ஒவ்வொருவரும் வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டதால், முன்னவர் கதை பின்னவருக்குத் தெரியாமலே போயிற்று. அவற்றை அறுபது வருடம் கழித்து ஒரே மேசையில் பரப்பி வைத்ததுதான் பேராசிரியரின் சாதனை. அதைப் பார்த்த பிறகு அரண்மனைத் தன்வரலாற்றை யார் கையில் கொடுத்தாலும் அதன் சாட்சியத்துக்கு என்ன எடை என்று தெரிந்துவிடும்.

இதே மனிதர் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்கு 1913 முதல் பத்து வருடங்களில் எட்டு டன் எடையுள்ள சீன நூல்களையும் சுவடிகளையும் அனுப்பியிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் யோங்லெ கலைக்களஞ்சியத்தின் ஆறேழு தொகுதிகள் அதில் உண்டு, அவை போலியல்ல. அசலும் போலியும் ஒரே கையிலிருந்து வரும் என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்கிறார்.

குறைகள். டிரெவர்-ரோப்பருக்குச் சீனம் படிக்கத் தெரியாது. ஆகவே முழு விசாரணையும் ஆங்கிலத் தாள்களுக்குள் நடக்கிறது. எங்கள் தொழிலில் எழுதிக்கொடுப்பவர் வேறு, எழுதியவர் வேறு, இருவர் பெயரும் பத்திரத்தில் இருந்தாக வேண்டும். நாட்குறிப்பைச் சீனத்தில் தூரிகை பிடித்து எழுதிய விரல்கள் பேக்ஹவுஸுடையவையா, கூலிக்கு எழுதிய ஒரு சீன எழுத்தருடையவையா என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. புத்தகம் அதை ஓரமாகத் தொட்டு விலகிவிடுகிறது. பீக்கிங்கில் நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்த ஒருவரின் கதையில் சீனர்கள் யாரும் சாட்சி சொல்லவில்லை. சாட்சி சொல்ல அவர்களை யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் உண்மை. நாட்குறிப்பு போலி என்பதை லோ ஹுயி-மின் என்ற சீன வரலாற்றாய்வாளர் 1991இல் ஒரு கட்டுரையில் மேலும் உறுதிப்படுத்தினார். ஆர்வமுள்ளவர்கள் இதற்குப் பின் அதைத் தேடலாம்.

இன்னொன்று, பேக்ஹவுஸ் ஆண்களோடு கொண்ட உறவுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆசிரியரின் குரலில் அருவருப்பு ஏறுகிறது. ஒருவரின் படுக்கையறை அவர் பொய்யர் என்பதற்குச் சான்றாகாது. தன்வரலாறு 2011இல் ‘டெக்கடன்ஸ் மாண்ட்ஷூ’ என்று அச்சில் வந்தபோது, பதிப்பாசிரியர் அதற்குள் உண்மையும் கலந்திருக்கலாம் என்ற பக்கம் பேசினார். நகரின் தெருக்கள், நாடகக் கொட்டகைகள் பற்றிய வர்ணனை வரை நானும் ஒப்புக்கொள்வேன். அரசியின் அறை வரை வர மாட்டேன்.

புத்தகம் வெளிவந்து ஏழு வருடம் கழித்து நடந்ததையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1983 ஏப்ரலில் இதே டிரெவர்-ரோப்பர், ஒரு ஜெர்மன் வார இதழ் விலைக்கு வாங்கிய ‘ஹிட்லர் நாட்குறிப்பு’ அசல் என்று சொன்னார். சூரிச் நகரின் வங்கி அறையில் அடுக்கடுக்காக நோட்டுகளைக் காட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்த்துவிட்டோம் என்று இதழ்க்காரர்கள் சொன்னார்கள். அவர் நம்பினார். ஓரிரு வாரத்தில் ஜெர்மன் ஆவணக் காப்பகம் தாளையும் மையையும் சோதித்து, போருக்குப் பிந்தைய சரக்கு என்று அறிவித்தது. இதைக் காட்டி அவர் எழுதிய பீக்கிங் புத்தகத்தையும் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பீக்கிங் விவகாரத்தில் ஒவ்வொரு கண்ணியையும் தானே தொட்டுப் பார்த்தார், சூரிச்சில் அடுத்தவர் பார்த்ததாகச் சொன்னதை எடுத்துக்கொண்டார். நானும் அந்த உயிலில் அதைத்தான் செய்தேன்.

இப்போது என் பிரதி என்னிடம் இல்லை. என்னிடம் தொழில் பழகி இன்று தனியாக எழுதும் பெண்ணிடம் கொடுத்திருந்தேன், அவள் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். நடுவில் ஒருநாள் ஒரு சந்தேகம் பார்க்க வாங்கிப் புரட்டினேன். சீக்கியச் சிப்பாய்கள் வரும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘சாட்சி யார், ஐயா?’