பதினாறு ஆண்டுகளாக ஒரே இழைப்புளி

காவேரிப்பட்டணத்தில் கதவு, நிலை, சன்னல் செய்யும் என் பட்டறையில் 2009ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் கையில் எடுத்துவரும், பலகையைச் சீவிச் சமன் செய்யும் புளியங்கட்டை இழைப்புளியைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பது ஐயமே, ஏனெனில் இது கடையில் கிடைக்கும் பொருளன்று.

கிருஷ்ணகிரி சாலையோரம் வெட்டப்பட்ட முதிய புளியமரம் ஒன்றின் வைரம் பாய்ந்த துண்டை, என் பெரியப்பா விறகு விலைக்கே எடுத்துவந்து, இரண்டு ஆண்டுகள் நிழலில் உலர்த்திய பிறகு செதுக்கிக் கொடுத்தார். நீளம் 9 அங்குலம், அகலம் இரண்டரை அங்குலம். பழைய லாரிக் கமான் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் அடித்து, காய்ச்சித் தோய்த்து இரும்பைக் கடினமாக்கும் தோய்ச்சல் கொடுத்துச் செய்த 2 அங்குல அலகு அதில் இருக்கிறது. பொதுவாக அலகு 45 பாகைச் சாய்வில் படுத்திருக்கும். பெரியப்பா இதற்கு 50 பாகை வைத்தார். எங்கள் வட்டார வீடுகளுக்கு வேம்பு நிறைய வரும். அதன் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை எதிராகவும் ஓடுவதால், தாழ்ந்த சாய்வில் இழைத்தால் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். அலகு சற்றே நிமிர்ந்திருந்தால் பெயர்வது குறையும், ஆனால் தள்ளுவதற்குப் பலம் கூடுதலாக வேண்டும். வேப்பம்பலகை வந்த நாள்களில் மாலையில் தோள்பட்டை அதைச் சொல்லிவிடும், தும்மல் தனிக்கணக்கு.

இரும்பு இழைப்புளியில் இருப்பதுபோல் இதில் திருகு ஏதும் கிடையாது. அலகின் தலையில் தட்டினால் அது முன்னே இறங்கும், கட்டையின் பின்புறத்தில் தட்டினால் மேலேறும், கடைசியாக அலகைப் பிடித்திருக்கும் ஆப்பை இறுக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு நான் இதை மனமாரத் திட்டியிருக்கிறேன். பிறகு எந்தத் தட்டுக்கு எவ்வளவு இறங்கும் என்பது காதுக்குப் பிடிபட்டது. ஆப்பு சரியாக அமர்ந்தால் ஓசை அடங்கி ஒலிக்கும், தளர்ந்திருந்தால் பொக்கென்று கேட்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் கட்டை ஈரம் வாங்கி அடிப்பகுதி முறுக்கிக்கொள்கிறது; கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்துச் சமன் செய்கிறேன். அடி தேயத் தேய, அலகு வெளியே நீளும் பிளவான வாய் அகன்று, சுருள் மெல்லியதாக வராமல் போனதால், 2016இல் வாய்க்கு முன்னால் கருவேலந்துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டுப்போட்டேன். ஒருமுறை அவசரத்தில் அலகை வெளியில் ஓர் இயந்திரச் சாணையில் கொடுத்தேன். தண்ணீர் காட்டாமல் பிடித்ததில் முனை நீலம் பாய்ந்து, தோய்ச்சல் போய், தேக்கில் நான்கு இழுப்புக்கே மழுங்கியது. அந்த நீலத்தைக் கல்லில் கையால் தேய்த்தே நீக்கினேன். இரண்டு நூல், அதாவது கால் அங்குல, இரும்பு வீணானது. அன்று முதல் அது என் தீட்டுக்கல்லைத் தவிர வேறு கல்லைப் பார்த்ததில்லை.

மின்சார இழைப்பு இயந்திரமும் வைத்திருக்கிறேன். 82 மில்லிமீட்டர் அகலத்தை ஒரே ஓட்டத்தில் வாரிவிடும் அதன் வேகத்துக்குக் கை ஈடாகாது. 2012இன் மின்வெட்டு நாள்களில் மட்டும் பாதிப் பகல் மூலையில் கிடந்தது. ஆயினும் அது அலையலையாகத் தடம் விடுவதால், வார்னிஷ் அடிக்கும் முன் கடைசி இரண்டு இழுப்பு எப்போதும் புளியங்கட்டைக்குத்தான். உப்புத்தாள் தேய்த்த தேக்கு மங்கித் தெரியும். கூரான அலகு சீவிய தேக்கில் ரேகை தெளிந்து நிற்கும்.

வேலை பழகும் பையன், "இது உங்க கைக்குத்தான் ஓடுது மேஸ்திரி" என்று கட்டையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டான். மனக்குறையாகச் சொன்னான், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. நான் சற்று இடப்புறம் சாய்த்துத் தள்ளும் பழக்கமுள்ளவன் என்பதால், இத்தனை ஆண்டுகளில் அடிப்பகுதி இடப்பக்கம் அரை நூல் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஈடாக அலகின் முனையையும் என்னை அறியாமலே கோணலாகத் தீட்டி வந்திருக்கிறேன். நேராகத் தள்ளுபவர் கையில் அது ஒரு விளிம்பில் மட்டும் ஆழமாகக் கடித்துப் படி போடும். பெரியப்பாவே ஒருமுறை இழைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தம் பழைய கட்டையை எடுத்துக்கொண்டார். இரவல் கேட்பவர்களுக்கு நான் மறுப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொடுத்தாலும் அவர்களுக்குப் பயன்படாது.

பையனுக்கு வேறொரு புளியந்துண்டு பரணில் உலர்ந்துகொண்டிருக்கிறது. என்னுடையதன் வாய் மறுபடியும் அகன்றிருக்கிறது. இந்தத் தை முடிந்ததும் பழைய கருவேலந்துண்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். அளந்து பார்த்ததில், அதற்கு இடங்கொடுக்கக் கட்டையில் இன்னும் போதிய கனம் இருக்கிறது.